கில்டர்ஸ்லீவ் வீட்டுக்கு வழி: பழைய அமெரிக்க வானொலி நகைச்சுவையைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

பழைய அமெரிக்க வானொலி நகைச்சுவைகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆசையோடு வருகிற பலர் இரண்டு அத்தியாயத்தோடு விட்டுவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் விட்டேன். கைக்குக் கிடைத்த ஒரு பதிவைப் போட்டேன். ஏழெட்டுக் குரல்கள் மாறி மாறி வந்தன. யார் யாரோடு பேசுகிறார் என்றே பிடிபடவில்லை. அரங்கில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில மாதம் கழித்து அதே தொடரை வேறோர் இடத்திலிருந்து, வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் அந்த ஊரே எனக்குப் பழகிப்போனது. அந்த இரண்டாவது வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடரின் பெயர் ‘தி கிரேட் கில்டர்ஸ்லீவ்’. 1941 ஆகஸ்ட் 31 அன்று என்.பி.சி. வானொலியில் தொடங்கி 1957 வரை ஓடியது. பெரும்பாலான காலம் வாரம் ஒரு அத்தியாயம், அரை மணி நேரம்.

முதல் படி: வீட்டில் யார் யார்?

த்ராக்மார்டன் பி. கில்டர்ஸ்லீவ் நடுத்தர வயதுப் பிரம்மச்சாரி. பருத்த உடம்பு, கணீரென்ற குரல், தன்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்வான நினைப்பு, அதைவிடப் பெரிய மனசு. பெற்றோர் இல்லாத மார்ஜரி, லீராய் என்ற இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவரிடம் வருகிறது. அதற்காக சம்மர்ஃபீல்டு என்ற சிற்றூரில் குடியேறுகிறார். பிள்ளைகளுடைய குடும்பப் பெயர் வேறு, அவருடையது வேறு. அதனால் அவரைத் தாய்மாமன் என்றே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிற உறவு அப்போது நமக்கு உயிர்பெற்றுவிடும். அக்கா பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்ட மாமன் என்று நினைத்துக் கேட்டால், அவர் லீராயைத் திட்டும்போதும் மார்ஜரியின் நண்பர்களைச் சந்தேகமாகப் பார்க்கும்போதும் உள்ளே இருப்பது என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சமையலும் வீடும் பர்டி லீ கோகின்ஸ் என்ற பெண்ணின் பொறுப்பு. பிள்ளைகளின் சொத்து விவகாரத்தைக் கண்காணிப்பவர் நீதிபதி ஹோரஸ் ஹூக்கர். ஊருக்கு வருகிற ரயிலிலேயே கில்டர்ஸ்லீவ் ஒரு கிழவரோடு சண்டை போட்டுவிடுகிறார். அந்தக் கிழவர்தான் இந்த நீதிபதி. பதினாறு வருடமும் அந்தச் சண்டை ஓயவில்லை, நட்பும் விடவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். கில்டர்ஸ்லீவ் முதலில் ‘ஃபிப்பர் மெக்கீ அண்ட் மாலி’ என்ற வேறொரு தொடரில் பக்கத்து வீட்டுக்காரராக வந்து, மெக்கீயோடு வாரா வாரம் வம்பு வளர்த்தவர். நேயர்களுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனதால் தனித்தொடர் கிடைத்தது. ஒரு தொடரின் துணைப் பாத்திரம் பிரிந்து வந்து தனி வீடு கட்டிக்கொண்டதற்கு ஒலிபரப்பு வரலாற்றில் இது மிக ஆரம்பகால உதாரணம்.

இரண்டாம் படி: முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டாம்

புதியவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். 1941-42 பருவம் மோசமில்லை. ஆனால் பழைய தொடரின் வாசனை அதில் இன்னும் போகவில்லை. கூச்சல் அதிகம், கிண்டல் வசனம் அதிகம், மனிதர்கள் குறைவு. லியனார்டு லெவின்சன் எழுதிய அந்த முதல் கட்டத்துக்குப் பிறகு ஜான் வீடன், சாம் மூர் இருவரும் எழுத வந்தார்கள். அவர்கள் கையில்தான் சம்மர்ஃபீல்டு ஒரு நிஜ ஊராக மாறுகிறது. சிரிப்பு வசனத்திலிருந்து வருவது குறைந்து, ஆட்களின் குணத்திலிருந்து வரத் தொடங்குகிறது.

அதனால் 1942 இலையுதிர்காலத்திலிருந்து தொடங்குங்கள். அந்த அக்டோபரில் கில்டர்ஸ்லீவுக்கு ஊரின் தண்ணீர் இலாகா ஆணையர் பதவி கிடைக்கிறது. பதவி பெயரில் இருக்கிற கம்பீரம் வேலையில் இல்லை. அந்த இடைவெளியில்தான் அவருடைய பாதி நாள் ஓடுகிறது. அங்கிருந்து 1943 ஜூன் வரை ஒரு முழுப் பருவம், தவறாமல், வரிசையாகக் கேளுங்கள். பக்கத்து வீட்டு விதவை லைலா ரான்சமோடு அவருக்குக் காதல் வளர்கிறது, கல்யாணம் வரை போகிறது. அந்தக் கல்யாண அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று எங்கும் தேடிப் படித்துவிடாதீர்கள். அன்றைய நேயர்கள் ஒரு வாரம் காத்திருந்து கேட்டதுபோல நீங்களும் கேட்க வேண்டும்.

வரிசை ஏன் முக்கியம் என்றால், அன்றைய நகைச்சுவைத் தொடர்கள் பெரும்பாலும் வாரா வாரம் பழையதை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். இங்கே அப்படியில்லை. போன வாரம் பட்ட அவமானம் இந்த வாரமும் தொடரும். பிள்ளைகள் வளர்வார்கள். அங்கங்கே பிய்த்துக் கேட்டால் இந்தத் தொடரின் மிகச் சிறந்த குணமே காதில் விழாமல் போய்விடும்.

மூன்றாம் படி: பதிவுகளை எடுப்பது

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் கிடைக்கும். ஓல்டு டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் என்ற ஆர்வலர் குழு பல தொடர்களைத் தேதிவாரியாக ஒழுங்குபடுத்தி அங்கே ஏற்றியிருக்கிறது. அப்படி வருடம், மாதம், நாள் என்று கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கிற தொகுப்பை எடுங்கள். யூடியூபிலும் பாட்காஸ்டுகளிலும் இருக்கின்றன, ஆனால் அங்கே வரிசை பெரும்பாலும் கலைந்திருக்கும்.

ஒலித்தரம் ஒரே மாதிரி இருக்காது. அன்றைக்கு நிகழ்ச்சி ஹாலிவுட்டிலிருந்து, அரங்கில் ஆட்கள் உட்கார்ந்திருக்க, நேரடியாக ஒலிபரப்பானது. நம் கைக்கு வந்திருப்பது 16 அங்குல இசைத்தட்டுகளில் பதிந்துவைத்தது. சிலவற்றில் கீறல் சத்தம் கேட்கும், சிலவற்றில் ஒரு நிமிடம் காணாமல் போயிருக்கும். முதல் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் காது தானாகப் பழகிவிடும்.

தயவுசெய்து வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் இந்தத் தொடரில் சிரிப்பு பாதிக்குமேல் இடைவெளியில்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்ட பிறகு கில்டர்ஸ்லீவ் ஒரு மூச்சு விடுவார், அப்புறம் ஒரு சின்ன முனகல். அரங்கம் அங்கேதான் வெடிக்கும். வேகத்தைக் கூட்டினால் அந்த மூச்சு போய்விடும்.

நான்காம் படி: குரல்களைப் பிரித்துக்கொள்வது

இதற்கு மூன்று அத்தியாயம் ஆகும். அதுவரை கதையைவிடக் குரலைக் கவனியுங்கள்.

கில்டர்ஸ்லீவாக நடித்தவர் ஹெரால்டு பியரி. கலிபோர்னியாவில் போர்ச்சுகீசியக் குடும்பத்தில் பிறந்தவர், நன்றாகப் பாடுவார், தொடரிலும் அடிக்கடி பாடுகிறார். அவருடைய சிரிப்பைத்தான் முதலில் அடையாளம் கண்டுகொள்வீர்கள். மேலே தொடங்கி, படிக்கட்டில் பந்து உருண்டு இறங்குவதுபோல் தத்தித் தத்திக் கீழே வரும். பெருமை, சங்கடம், குறும்பு மூன்றுக்கும் அவர் ஒரே சிரிப்பைத்தான் வைத்திருக்கிறார், ஆனால் மூன்றும் வெவ்வேறாகக் கேட்கும். மருமகனை ‘லீ…ராய்!’ என்று இழுத்துக் கூப்பிடுவதும் அவர் முத்திரை.

லீராய் பன்னிரண்டு வயதுப் பையன் மாதிரிதான் கேட்பான். நடித்த வால்டர் டெட்லிக்குத் தொடர் ஆரம்பித்தபோதே வயது 26. பெரியவர் சின்னப் பையனாக நடிக்கிறார் என்று ஒரு கணம்கூடத் தோன்றாது. மாமாவின் பொய்யை முதலில் கண்டுபிடிப்பவன் அவன்தான். பின்னாளில் மிஸ்டர் பீபாடி என்ற நாயோடு காலப்பயணம் போகும் கார்ட்டூனில் ஷெர்மன் என்ற சிறுவனுக்கும் இதே குரல்தான்.

மருந்துக்கடைக்காரர் பீவியைத் தவறவிட முடியாது. ரிச்சர்டு லெகிராண்டு நடித்தது. மூக்கால் பேசும் வறண்ட குரல், அவசரமே இல்லாத பேச்சு. கில்டர்ஸ்லீவ் ஓடிவந்து எதையாவது அடித்துச் சொல்வார். பீவி சற்று யோசித்து, “வெல், நவ், ஐ வுடன்ட் சே தட்” என்பார். ‘அப்படியும் சொல்லிட முடியாதுங்களே’ என்று நம் ஊர் அண்ணாச்சி இழுப்பாரே, அந்தத் தொனி. எல்லா வாரமும் வரும். எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினீர்கள் என்றால் தொடர் உங்களைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

நீதிபதி ஹூக்கர் ‘கில்டி’ என்று கூப்பிட்டு ஆட்டுக்கிடா மாதிரி சிரிப்பார். கில்டர்ஸ்லீவும் அவரைக் கிழட்டு ஆடு என்றுதான் திட்டுவார். லைலா ரான்சம் அமெரிக்கத் தெற்கு மாநிலக்காரி, சொற்களைத் தேனில் தோய்த்து நீட்டுவாள். இவர்களுக்குப் பிறகு வருகிற பள்ளித் தலைமையாசிரியை ஈவ் குட்வினின் பேச்சு நேர்மாறு, அளந்து தெளிவாக வரும். அவராக நடித்த பீ பெனடெரெட்தான் பின்னாளில் ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூனில் பெட்டி ரப்பிள். முடிதிருத்துபவர் ஃப்ளாய்டாக வரும் ஆர்தர் கியூ. பிரையன், பக்ஸ் பன்னியைத் துரத்துகிற எல்மர் ஃபட்டின் குரல். காவல்துறைத் தலைவர் கேட்ஸ் நண்பர்கள் சண்டை போட்டால் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார். இந்த ஐந்து பேரும், அதாவது கில்டர்ஸ்லீவ், நீதிபதி, பீவி, ஃப்ளாய்டு, கேட்ஸ், சேர்ந்து ‘ஜாலி பாய்ஸ்’ என்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். கூடுவார்கள், பாடுவார்கள், அடித்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: பர்டியைக் கவனமாகக் கேளுங்கள்

பர்டியாக நடித்த லிலியன் ராண்டால்ஃப் கறுப்பின நடிகை. அந்தக் காலத்து அமெரிக்க வானொலியிலும் சினிமாவிலும் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வேலைக்காரி வேடம்தான். அதிலும் சிலவற்றை வெள்ளைக்காரர்களே குரல் மாற்றிப் பேசினார்கள். நான் முன்பு சொன்ன ‘ஃபிப்பர் மெக்கீ’ தொடரில் வந்த ப்யூலா என்ற கறுப்பின வேலைக்காரிக்குக் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்ற வெள்ளைக்கார ஆண். அந்தச் சூழலை மனசில் வைத்துத்தான் பர்டியைக் கேட்க வேண்டும்.

ஆரம்ப அத்தியாயங்களில் சில இடங்கள் காதை உறுத்தும், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போகப் போக அந்த வீட்டில் நிதானம் இழக்காத ஒரே ஆள் பர்டிதான் என்று தெரியவரும். முதலாளியின் வீறாப்பை ஒரு வாக்கியத்தில் இறக்கிவைப்பாள். பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பதும் அவள்தான். ராண்டால்ஃப் பாடகியும்கூட. அவர் பாடுகிற அத்தியாயங்களில் நிகழ்ச்சி அப்படியே நின்று கேட்கும். கதாநாயகன் வேடத்துக்கே ஆள் மாறியபோதும் 1941 முதல் கடைசிவரை பர்டியாக இருந்தவர் அவர். எழுத்தில் அந்த வேடத்துக்கு அவ்வளவு இடம் இல்லை. அதை அவர் குரலால் பெரிதாக்கினார் என்பதே என் அபிப்பிராயம்.

ஆறாம் படி: அந்தக் காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது

நீங்கள் தொடங்கப்போகிற பருவம் போர்க்காலம். 1942 மே மாதம் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது, நவம்பரில் காபிக்கு, 1943 மார்ச் கடைசியில் இறைச்சி, வெண்ணெய், சீஸுக்கு. பெட்ரோல் ரேஷன் 1942 டிசம்பர் 1 முதல் நாடு முழுக்க அமலானது. காரில் ‘ஏ’ ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரண ஆளுக்கு வாரம் மூன்று நான்கு காலன்தான். டயர் தேயக் கூடாது என்று மணிக்கு 35 மைலுக்கு மேல் போகவும் தடை. யாராவது ‘பாயின்ட்’ பற்றிப் பேசினால் அது ரேஷன் புத்தகத்துப் புள்ளி. ‘விக்டரி கார்டன்’ என்றால் வீட்டுக் கொல்லையில் போட்ட காய்கறித் தோட்டம்.

பீவியின் கடையை நம் மெடிக்கல் ஷாப்பாகக் கற்பனை செய்யாதீர்கள். அமெரிக்கச் சிற்றூர் மருந்துக்கடையில் ஒரு பக்கம் மருந்து, இன்னொரு பக்கம் சோடா, ஐஸ்கிரீம், சுருட்டு, உட்கார்ந்து பேச உயரமான ஸ்டூல். நம் ஊர் டீக்கடை பெஞ்சுக்கு நெருக்கமான இடம் அது. கில்டர்ஸ்லீவ் அங்கே போவது பெரும்பாலும் மருந்துக்காக இல்லை.

அப்புறம் விளம்பரம். நிகழ்ச்சியை நடத்தியது கிராஃப்ட் சீஸ் கம்பெனி. வியாழன்தோறும் பிங் கிராஸ்பியின் பாட்டு நிகழ்ச்சியை நடத்தியதும் இவர்களே. இங்கே விற்றது பார்கே மார்ஜரின். அந்த விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று சொல்வேன். வெண்ணெய்க்கு அதிக ரேஷன் புள்ளி, மார்ஜரினுக்குக் குறைவு. மஞ்சள் நிற மார்ஜரினுக்குக் கூடுதல் வரி இருந்ததால் அது வெள்ளையாகவே விற்கப்பட்டது. கூடவே வரும் சாயத்தை வீட்டில் பிசைந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் அந்த வரி 1950இல்தான் நீங்கியது. ஒரு நாட்டின் சமையலறை எப்படி இருந்தது என்பதை அந்த ஒரு நிமிட விளம்பரம் கதையைவிட நன்றாகச் சொல்லிவிடுகிறது.

கடைசியில் மூன்று மணியோசை வரும். அது என்.பி.சி.யின் அடையாளம், அதோடு அத்தியாயம் முடிந்தது.

ஏழாம் படி: முதல் பருவம் முடிந்த பிறகு

1943 கல்யாணக் கதை முடிந்ததும் 1944-இன் முதல் பாதிக்குப் போங்கள். கில்டர்ஸ்லீவ் மேயர் தேர்தலில் நிற்கிறார். சின்ன ஊர்த் தேர்தலில் நண்பன், பகைவன், காதலி எல்லோரும் எப்படி இடம் மாறுகிறார்கள் என்பதைத் தொடர்ச்சியாக வாரக்கணக்கில் சொல்கிற கதை. இவ்வளவு நிதானமாக ஓர் அரசியல் நகைச்சுவையை நான் வானொலியில் வேறெங்கும் கேட்டதில்லை.

அடுத்து 1948 இலையுதிர்காலம். கில்டர்ஸ்லீவின் காரில் யாரோ ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த இடத்தில் தொடர் நகைச்சுவையைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கவும் துணிகிறது. பிள்ளையில்லாத அந்த மனிதர் தொட்டிலருகே நிற்கும் காட்சிகளில் பியரி எவ்வளவு நல்ல நடிகர் என்று தெரியும்.

பிறகு 1950 மே மாதம் மார்ஜரி கல்யாணம். மாப்பிள்ளை பிராங்கோ தாம்சன். அந்த வேடத்தில் வருகிற ரிச்சர்டு கிரென்னாவை நமக்கெல்லாம் தெரியும். ‘ராம்போ’ படங்களில் ஸ்டாலோனின் பழைய தளபதியாக வருகிற கர்னல் டிராட்மன் அவர்தான். இங்கே மாமனாருக்குச் சமமான மாமாவிடம் பயந்து பயந்து பேசுகிற பையன். 1942-இல் கேட்கத் தொடங்கியவர்களுக்கு இந்தக் கல்யாணம் சொந்த வீட்டு விசேஷம் மாதிரி இருக்கும்.

எட்டாம் படி: குரல் மாறும்போது பயப்படாதீர்கள்

1950 கோடையோடு பியரி விலகிவிடுகிறார். அப்போது சி.பி.எஸ். வானொலி, என்.பி.சி.யின் நட்சத்திரங்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தது. பியரியும் சி.பி.எஸ்.ஸோடு ஒப்பந்தம் போட்டார். கிராஃப்ட் கம்பெனியோ நிகழ்ச்சியை என்.பி.சி.யிலேயே வைத்துக்கொண்டது. பாத்திரம் இங்கே, நடிகர் அங்கே என்று ஆயிற்று. சி.பி.எஸ்.ஸில் அவர் தொடங்கிய ‘ஆனஸ்ட் ஹெரால்டு’ ஒரு பருவம்தான் ஓடியது.

செப்டம்பரில் வில்லர்டு வாட்டர்மன் கில்டர்ஸ்லீவாக வந்தார். இரண்டு பேர் குரலும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றுபோல இருக்கும். ஒரு வித்தியாசம்: அந்தப் படிக்கட்டுச் சிரிப்பை வாட்டர்மன் எடுத்துக்கொள்ளவில்லை. அது பியரியுடையது என்று விட்டுவிட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. 1955-56இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அவர்தான் நடித்தார். அது 39 அத்தியாயத்தோடு முடிந்தது. கேட்டுப் பழகிய ஊரைப் பார்க்க நேர்ந்தபோது எனக்கு ஒட்டவில்லை. என் பீவி கடை அதைவிட இருட்டாக, அதைவிட நீளமாக இருந்தது. முதலில் காதால் கேட்டு முடித்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

வாட்டர்மன் காலத்தில் ஒரு பத்து அத்தியாயம் கேட்டால் போதும் என்பது என் கணக்கு. மார்ஜரிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து கில்டர்ஸ்லீவ் தாத்தா ஸ்தானத்துக்கு வரும் பகுதியை விட்டுவிடாதீர்கள். இவ்வளவும் கேட்ட பிறகு 1941-க்குத் திரும்பிப் போய் அந்த முதல் அத்தியாயத்தைப் போடுங்கள். ரயில் பெட்டிக்குள் முன்பின் தெரியாத இரண்டு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் கிழவர் வாயைத் திறந்த உடனே அது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கில்டர்ஸ்லீவுக்கு இன்னும் தெரியாது.